கிளட்ச் அக்காவின் மூன்றாவது சுற்று

கிளட்ச் அக்கா பேரம் பேசுவதை வேடிக்கை பார்க்கவே கடைத்தெருவில் ஒரு கூட்டம் உண்டு. கடைக்காரர் ஆயிரம் என்றால் அக்கா நானூறு என்பாள். அவர் தலையில் கை வைத்துக்கொள்வார். அக்கா மறுபேச்சுப் பேசாமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிவிடுவாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் அடி எண்ணிக்கொண்டே நடப்பாள். பத்தாவது அடிக்குள் "அக்கா, வாங்க, வந்து எடுத்துட்டுப் போங்க" என்று பின்னாலிருந்து குரல் வராமல் போனதாகச் சரித்திரமே இல்லை.

இந்த நாடகத்தில் அவள் வீட்டுக்காரருக்கும் ஒரு வேஷம் உண்டு. அக்கா நடையைக் கட்டிய பிறகும் அவர் கடையிலேயே நிற்க வேண்டும். சாமானை ஒருதரம், போகிற மனைவியை ஒருதரம் பாவமாகப் பார்க்க வேண்டும். அதைப் பார்த்தால் எந்தக் கடைக்காரருக்கும் மனசு கேட்காது. "நீங்க வாயத் தொறந்தா காரியம் கெட்டுது. நிக்கிறது மட்டும்தான் உங்க வேலை" என்று கல்யாணமான புதிதிலேயே அக்கா சட்டம் போட்டுவிட்டாள். காரணம் இல்லாமல் இல்லை. ஒரு குடை வாங்கி வரச் சொன்னபோது, கடைக்காரர் இருநூறு என்றதும் "உங்களுக்குக் கட்டுப்படியாகுமாங்க?" என்று கேட்டு இருநூற்றிருபது கொடுத்துவிட்டு வந்த மனுஷன் அவர்.

அக்கா வைத்திருப்பது டிரைவிங் ஸ்கூல். ஒரே ஒரு கார். ஊரில் பாதிப்பேர் அவளிடம்தான் ஓட்டக் கற்றார்கள். "கிளட்ச்ச மிதி! கிளட்ச்ச மிதி!" என்று அவள் போடுகிற சத்தத்தில் அந்தப் பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். இருபது வருஷமாக அவள் கால் அந்த பிரேக்கை விட்டு இந்தண்டை அந்தண்டை நகர்ந்ததில்லை. பஸ்ஸில் போனாலும் வளைவுக்கு வளைவு தரையை மிதித்துக்கொண்டேதான் வருவாள். "ஸ்டியரிங் புடிச்சவங்கள மட்டும் நம்பவே கூடாதுங்க" என்பாள்.

ஊருக்கே அவள் அக்கா என்றால், ஊருக்கே அவர் மாமா. வெறும் மாமா இல்லை, ரிவர்ஸ் மாமா. ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் குமாஸ்தா. வாலிப வயதில் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனார். முன்னால் போ என்றால் வண்டி பின்னால் போயிற்று. பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி டீ டம்ளரோடு எழுந்து ஓடித் தப்பினார். நாற்காலி தப்பவில்லை. அக்காவின் தம்பி அன்றைக்கு வைத்த பெயர் அது. அவன் இப்போது பெரிய மெக்கானிக், சொந்த ஷெட் வைத்திருக்கிறான். ஆனாலும் தெரு முனையில் மாமாவைக் கண்டால் "ஒத்திக்கோங்க, ஒத்திக்கோங்க, ரிவர்ஸ் மாமா வர்றாரு!" என்று குரல் கொடுக்காமல் விடமாட்டான். ஊரார் வாயை மூட உலைமூடி ஏது? மாமாவும் சிரித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவார். பெண்டாட்டி ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள், புருஷன் பஸ்ஸில் தொங்குகிறான் என்ற பேச்சும் அவர் காதுக்கு வராமல் இல்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், சிக்னலில் நின்றிருந்த அக்காவின் காரைத் தண்ணீர் கேன் ஏற்றிவந்த வேன் ஒன்று பின்னாலிருந்து இடித்தது. கார் அப்பளமாக நொறுங்கவில்லை என்றாலும் இனி ஓடாது என்று ஆகிவிட்டது. வேனின் இன்சூரன்ஸ் கம்பெனிதான் பணம் கொடுக்க வேண்டும். வேன்காரன் "நான் எங்க இடிச்சேன்? கார்தான் பின்னாடி வந்து என் மேல மோதுச்சு" என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அன்றோடு கிளெய்ம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. இதுதான் ஊருக்குத் தெரிந்த கதை.

ஊருக்குத் தெரியாத பாதி ஒன்று உண்டு. அன்று காரை ஓட்டியது ரிவர்ஸ் மாமா.

ஐம்பத்தோரு வயதில், லைசென்ஸ் கைக்கு வரும்வரை ஈ காக்கைக்குக்கூடத் தெரியக் கூடாது என்று பேசிவைத்துக்கொண்டு, தினமும் விடியற்காலையில் பெண்டாட்டியிடம் பாடம் படித்துக்கொண்டிருந்தார். பழகுநர் உரிமத்தை ரெக்கார்டு ரூமில், முப்பது வருஷத்துக்கு முந்திய நோயாளிகளின் கோப்புக் கட்டுகளுக்கு நடுவில் ஒளித்துவைத்திருந்தார். அந்தக் காலை டமார் என்று சத்தம் கேட்டதும் அவருக்கு வந்த முதல் நினைப்பு, "ஐயோ, ரிவர்ஸ் போட்டுட்டேனா?" என்பதுதான். அக்கா அவர் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். "கூட்டம் சேர்றதுக்குள்ள போங்க. பஸ் வருது பாருங்க. நான் பாத்துக்கிறேன்" என்றாள். அவர் போய்விட்டார். நடுரோட்டில் வேன்காரனோடு தனியாக நின்றவள் அக்கா. அந்த நினைப்பு இன்றைக்கும் அவரை விட்டபாடில்லை.

பட்ட காலிலே படும் என்பார்களே, போக்குவரத்து ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரட்டைப் பெடல் வைத்த கார் ஒன்றை இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் காட்டாவிட்டால் ஸ்கூலின் அனுமதி ரத்து. அக்காவின் தம்பி எங்கெங்கோ தேடி, பெடல் மாட்டிய பழைய கார் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தான். கிளெய்ம் வந்தால் கார் வரும். கார் வந்தால் ஸ்கூல் பிழைக்கும். தேதி இருபதாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து சேதி வந்தது. நேரில் வர வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம், இணையத்திலேயே பேசி முடித்துக்கொள்ளலாமாம். அதற்கென்று ஒரு பக்கம். இவர்கள் எவ்வளவு கிடைத்தால் ஒப்புக்கொள்வார்கள் என்று ஒரு பெட்டியில் போட வேண்டும். கம்பெனி எவ்வளவுவரை கொடுக்கும் என்று இன்னொரு பெட்டியில் போடும். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. இவர்கள் கேட்டதைவிடக் கம்பெனி அதிகம் போட்டிருந்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள தொகை முடிவாகி, மூன்று நாளில் பணம் வரும். சேராவிட்டால் அடுத்த சுற்று. மொத்தம் மூன்று சுற்று. மூன்றிலும் சேராவிட்டால் பழையபடி கடிதம், நோட்டீஸ், வருஷக்கணக்கு.

"பேரம்தானே! இதுக்குப் போயி நான் பயப்படுவேனா?" என்று அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

விசைப்பலகை அவளுக்கு ஆகாது. மாமா தட்டுவார், அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று உத்தரவு போடுவாள். முதல் சுற்றில் ஒன்பது லட்சம் போடச் சொன்னாள்.

"ஒம்பதா? காரோட விலையே அவ்வளவு இல்லியேம்மா."

"எடுத்த எடுப்புல உள்ளதச் சொன்னா அதுலயும் பாதியாக் கேப்பான். போடுங்க சொல்றேன்."

போட்டார். "சேரவில்லை" என்று ஒற்றை வார்த்தை வந்தது. எவ்வளவு வித்தியாசம், கொஞ்சம் இறங்கினால் ஆகுமா, ஒன்றும் சொல்லவில்லை. தலையில் கை வைத்துக்கொள்ளாத கடைக்காரரை அக்கா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

மறுநாள் இரண்டாவது சுற்று. பெட்டி காலியாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதைச் சற்று நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு, "மூடுங்க" என்றாள்.

"எதை?"

"கடைய விட்டு எறங்கறோம். வெளிய போற பொத்தான் இருக்கில்ல, அத அமுக்குங்க."

"இந்தச் சுற்றிலிருந்து விலகுகிறீர்களா?" என்று பக்கம் கேட்டது. மாமா தயங்கினார். அக்கா அவர் கை மேலேயே தன் கையை வைத்து "ஆம்" என்பதை அமுக்கினாள். அதோடு விட்டாளா? பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிஜமாகவே வாசல்வரை நடந்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணினாள்.

"கூப்பிட்டானா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

மாமா திரையைப் பார்த்தார். "இரண்டாவது சுற்று முடிந்தது. மீதம் ஒரு சுற்று. இருபத்துநான்காம் தேதி" என்று இருந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எழுந்து வாசலுக்குப் போனார். அவர் முகத்தைப் பார்த்தே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கடைத்தெருவையே கலக்கியவள், கேட்டில் சாய்ந்துகொண்டு, "ஒரு வார்த்த கூப்பிட மாட்டானாங்க?" என்று கேட்டாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக ஒலித்து மாமா கேட்டதே இல்லை.

அக்கா உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். மாமா பழக்கதோஷத்தில், அவள் போன பிறகும் கடையிலேயே நிற்கிற மாதிரி, திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தை மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார். ஐந்து மாதக் கடிதப் போக்குவரத்து முழுவதும் அங்கே வரிசையாக இருந்தது. அதுவரை அவர் அதைப் பார்த்ததில்லை. அக்கா தன் போனிலிருந்தே பதில் அனுப்பிவந்திருந்தாள்.

கம்பெனியின் கிளெய்ம் ஆபீசர் ஒரு பெண்மணி. ஒரே கேள்வியை நான்கு தடவை கேட்டிருந்தார்: விபத்தின்போது காரை ஓட்டிய பழகுநரின் பெயரும் உரிம நகலும் வேண்டும். அக்கா நான்கு தடவையும் ஒரே பதிலை எழுதியிருந்தாள்: "ஓட்டுனவர் மேல தப்பு இல்ல. பேரச் சொல்ல முடியாது. பக்கத்துல நான் இருந்தேன். எதுன்னாலும் என்னக் கேளுங்க." கடைசியாக ஆபீசர் எழுதியது: "பெயர் தராததால் வேன் ஓட்டுநர் சொல்வதையும் நாங்கள் தள்ளிவிட முடியவில்லை. இழப்பீட்டில் பாதியைக் குறைக்க வேண்டியிருக்கிறது."

மாமாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஐந்து மாதமாக ஸ்கூல் மூடிக்கிடப்பது வேன்காரனால் இல்லை, அந்தக் கம்பெனியால்கூட இல்லை. ரிவர்ஸ் மாமாதான் ஓட்டினார் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்? விழுந்து விழுந்து சிரிக்கும். அது போகட்டும், கார் பின்னாலதான் போயிருக்கும் என்று ஒரு ஆள் பாக்கியில்லாமல் சத்தியம் செய்யும். அந்தச் சிரிப்பு அவர் மேல் விழக் கூடாது என்று அவள் தன் பிழைப்பையே பணயம் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். "அடிப்பாவி" என்று முணுமுணுத்தார்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு இடைவேளையில் மச்சானின் ஷெட்டுக்குப் போனார். மெக்கானிக் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே இரண்டு கால் மட்டும் தெரிந்தது. முகம் தெரியாததும் நல்லதாகப் போயிற்று. கால்களைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

"மச்சான், அன்னிக்கு அந்தக் கார ஓட்டினது நான்தான்."

ஸ்பேனர் சத்தம் நின்றது. "தெரியும் மாமா" என்று ஜீப்புக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"என்னது! உனக்கு யாரு சொன்னா?"

மெக்கானிக் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான். "சீட்டு சொல்லுச்சு. வண்டிய இழுக்க வந்தப்ப பாத்தேன், டிரைவர் சீட்டு கடைசி வரைக்கும் பின்னால போயிருந்துச்சு. அக்காகிட்ட கத்துக்க வர்றவங்கள்ல அவ்வளவு நீட்டுக் கால் யாருக்கு இருக்கு? போதாக்குறைக்கு இது வேற கெடந்துச்சு." மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்துக் கொடுத்தான். ஐந்து மாதமாக மாமா வீடெல்லாம் தேடிய கூடு.

"அஞ்சு மாசமா இத வச்சு ஒரு வார்த்த கேலி பண்ணலியேடா."

"மத்ததுக்கெல்லாம் சிரிப்பு வந்துச்சு மாமா. இதுக்கு வரல."

மெக்கானிக் போனை எடுத்து ஒரு படத்தைத் தேடினான். எந்த வண்டியைத் தொடுவதற்கு முன்னாலும் உள்ளும் புறமும் படம் எடுத்துவிடுவது அவன் வழக்கம். இல்லாவிட்டால் பழைய கீறலையும் இவன் தலையில் கட்டிவிடுவார்கள். "சிக்னல்லயே எடுத்தது. பாருங்க, கியர் நியூட்ரல்ல இருக்கு. ஹேண்ட்பிரேக் தூக்கியிருக்கு. நாந்தான் அத எறக்கி வண்டிய இழுத்தேன்."

"அப்ப நான் ரிவர்ஸ் போடலியா?"

"ரிவர்ஸா? அக்கா பாடம் அட்சரம் பிசகாம இருக்கு. டெஸ்ட்ல இப்படி நிறுத்தினா முழு மார்க்கு போட்டிருப்பான்."

மாமா பக்கத்தில் கிடந்த டயர் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். அக்கா நூறு தடவை சொல்லியிருக்கிறாள், வண்டி அசையவே இல்லை என்று. தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்றே நினைத்திருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மெக்கானிக் பார்க்காதவன் மாதிரி ஜீப்பின் பேனட்டைத் துடைத்தான். "இந்தப் படத்த அன்னிக்கே அனுப்பலாம்னேன். உங்க சீட்டும் கண்ணாடிக் கூடும் தெரியுதுன்னு அக்காதான் வேணாம்னுடுச்சு" என்றான்.

இணையப் பக்கத்தில் தொகைப் பெட்டிக்குக் கீழே இன்னொரு பெட்டி உண்டு, எதிர்த் தரப்புக்கு ஏதாவது சொல்வதானால் எழுத. "அதுல ஒரு எழுத்து எழுதக் கூடாது. தேவையக் காட்டிட்டா வெலை போச்சு" என்று அக்கா முதல் நாளே சொல்லியிருந்தாள். மாமா ரெக்கார்டு ரூமுக்குத் திரும்பி, பழைய கட்டைப் பிரித்து, உரிமத்தை எடுத்துத் தூசி தட்டினார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். உரிமத்தையும் மெக்கானிக் அனுப்பிவைத்த படத்தையும் சேர்த்துவிட்டு, குமாஸ்தா பாஷையில் எழுதினார்:

"அந்தக் காரை ஓட்டிய பழகுநர் நான். வயது ஐம்பத்தொன்று. சிக்னலில் நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு நின்றேன். வண்டி பின்னால் வரவில்லை. வேன் இடித்ததும் நான் போய்விட்டேன். நின்றது என் மனைவி. பெயரை மறைத்தது எனக்காக. அவளை அதற்காகத் தண்டிக்க வேண்டாம். ஊரில் எனக்கு ரிவர்ஸ் என்று பட்டப்பெயர். தேவையானால் அதையும் பதிவு செய்துகொள்ளவும்."

அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது கூட வேலை பார்ப்பவர்களிடமும் தானே சொன்னார். எதிர்பார்த்தபடி சிரித்தார்கள். ஒருவர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிட்டது. பிறகு அவரே, "நெசமாவே கத்துக்கிறீங்களா? எனக்கும் அக்காகிட்ட சொல்லுங்களேன்" என்றார்.

இருபத்துநான்காம் தேதி. கடைசிச் சுற்று. அக்கா இன்றைக்கு நிற்கவில்லை, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவும்மா போடறது?"

"நீங்க சொல்லுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? உன் மனசுல ஒரு தொகை இருக்குமில்ல, இதுக்குக் கீழ எறங்க மாட்டேன்னு. அதச் சொல்லு."

"அத யாராவது வெளிய சொல்லுவாங்களா? சொல்லிட்டா அப்புறம் என்ன பேரம்?"

"இங்க கூப்பிட ஆளில்லம்மா. உள்ளதச் சொன்னாத்தான் இது வேலை செய்யும்."

அக்கா அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஈ எறும்பு இல்லை. ஆனாலும் குனிந்து அவர் காதருகே வந்து, "அஞ்சு" என்றாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் அடிமனத்துத் தொகையை அவர் கேட்டது அதுதான் முதல்தடவை.

ஐந்து லட்சம். போட்டார். ஒரு வட்டம் சுழன்றது. "சேர்ந்தது. தீர்வுத் தொகை: ஐந்தரை லட்சம்."

அக்கா துள்ளி எழுந்தாள். அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அடுத்த நொடியே முகம் மாறியது. விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "நடுத் தொகை அஞ்சரைன்னா, அவங்க ஆறு போட்டிருக்காங்க! அய்யோ, ஆறு கேட்டிருக்கலாமே! அரை லட்சம் போச்சேங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கை பாதியில் நின்றது. "இருங்க. பாதிதான் தருவேன்னவங்க எதுக்கு ஆறு போட்டாங்க?"

மாமா பக்கத்தைக் கீழே தள்ளி, தான் எழுதியதைக் காட்டினார். அதற்கு அடியில் ஆபீசர் ஒரே வரி எழுதியிருந்தார்: "பெற்றுக்கொண்டோம். பாதிக் குறைப்பு நீக்கப்படுகிறது. ரிவர்ஸ் என்பதைப் பதிவு செய்யவில்லை."

அக்கா படித்தாள். திரும்பப் படித்தாள். "யாரு உங்கள வாயத் தொறக்கச் சொன்னா?" என்று சீறினாள். சீற்றம் பாதியிலேயே உடைந்து அழுகையாயிற்று. "ஊரே சிரிக்குமேங்க."

"சிரிச்சுட்டாங்க. முந்தாநாளே முடிஞ்சுபோச்சு" என்றார் மாமா. "நீதான சொல்லியிருக்க, நிக்கிறது என் வேலைன்னு. அன்னிக்கு நிக்காம போயிட்டேன். இப்பத்தான் வந்து நின்னேன்."

அக்கா அவர் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இருந்தாலும் அரை லட்சம் போனது போனதுதான்" என்றாள்.

இருபத்தெட்டாம் தேதி, பட்டப்பகல் பதினொரு மணி. பணம் வந்து, கார் பேர் மாற்றி, ஷெட்டில் தயாராக நின்றது. போக்குவரத்து ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அக்கா "பழகுநர்" பலகையை முன்னும் பின்னும் கட்டிவிட்டுச் சாவியை மாமாவிடம் நீட்டினாள்.

"இப்பவா? தெருவுல எல்லாரும் இருக்காங்களே."

"அதுக்குத்தான்."

மாமா உட்கார்ந்து சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினார். அப்போதுதான் கவனித்தார், கார் மூக்கைச் சுவருக்குக் காட்டி நிற்கிறது. வெளியே வர ஒரே வழிதான்: ரிவர்ஸ். தெருவில் டீக்கடை ஆட்கள் எழுந்து நின்றார்கள். மெக்கானிக் வாசலில் நின்று வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டு, "வாங்க மாமா, எடம் இருக்கு, வாங்க" என்று மட்டும் கை காட்டினான்.

மாமா கியரில் கை வைத்தார். பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அக்கா செருப்பைக் கழற்றினாள். பெடலிலிருந்து இரண்டு காலையும் எடுத்து, சீட்டின் மேல் தூக்கி, வீட்டில் உட்காருகிற மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ம், எடுங்க" என்றாள்.

மாமா ரிவர்ஸ் கியரைப் போட்டார்.